சாண எரிவாயுக் கலனுக்கு மானியம் வாங்குமுன் கழிவை எடை போடுங்கள்

திருநெல்வேலியில் எந்தக் கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் போனாலும் சோறும் சொதியும் ஒட்டிய வாழையிலைகள் பிளாஸ்டிக் டம்ளரோடு கலந்து கிடக்கும். பிரித்து வைத்திருந்தால் அது உரம், அடுப்புக்கு வாயு. கலந்துவிட்டால் ராமையன்பட்டிக் கிடங்குக்குப் போகும் குப்பைதான்.

அதனால் முதல் வேலை பிரிப்பது. அடுத்து, ஒரு வாரம் தினமும் மக்கும் கழிவை எடை போட்டு எழுதுங்கள். நான்கு பேர் வீட்டுக் கழிவு மட்டும் என்றால் உரம் போதும். அதில் வரும் வாயு ஒரு நாள் சமையலுக்குக் காணாது. ஓட்டை போட்ட தொட்டியில் ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு வாழைச்சருகு என்று அடுக்குங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. ஒழுகினால் இன்னும் சருகு போட்டுக் கிளறிவிடுங்கள்.

மாடு இருந்தால் கதையே வேறு. ஒரு மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். ஒரு கன மீட்டர் வாயுவுக்கு ஏறத்தாழ 25 கிலோ வேண்டும். நான்கைந்து மாடுள்ள வீட்டுக்கு, நாளைக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலன் சரி. மானியம் கூடுதலாக வருகிறதே என்று பெரிய கலன் கட்டாதீர்கள், பாதி வயிற்றோடுதான் கிடக்கும்.

இனி பணம். மத்திய அரசின் தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தில், 2022 நவம்பரில் வந்த விதிமுறைப்படி, 1 முதல் 25 கன மீட்டர் வரையுள்ள கலனுக்கு மானியம் உண்டு. 1 கன மீட்டர் கலனுக்கு 9,800 ரூபாய், 2 முதல் 4 கன மீட்டர் வரையுள்ள கலனுக்கு 14,350. பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு முறையே 17,000, 22,000. அது 2025-26 நிதியாண்டு வரைக்கான விதிமுறை. ஆகவே ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இப்போதைய தொகையையும் ஒதுக்கீட்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆதாரும் வங்கிப் பாஸ்புக்கும் கையில் இருக்கட்டும். அனுமதி வருமுன் குழி தோண்ட வேண்டாம். கலன் ஓடத் தொடங்கிய பிறகுதான் மானியம் கணக்கில் ஏறும். அதுவரை செலவு நம் கைக்காசு.

ஊருக்கே பொதுவாகக் கட்டுவதானால் ஊராட்சித் தலைவர் வழியாக, சாணத்தையும் மக்கும் கழிவையும் வாயுவாக்கும் ‘கோபர்தன்’ திட்டத்தைக் கேளுங்கள். தூய்மை பாரத இயக்கத்தின் ஊரக இரண்டாம் கட்டத்தில் அதற்கு மாவட்டத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை வைத்தார்கள்.

கலன் தயாரானதும் சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து நிரப்புங்கள். முதலில் வரும் வாயு எரியாது. பக்கத்தில் நெருப்பில்லாமல் திறந்துவிடுங்கள். நீலச் சுடர் நிலைத்த பிறகு பழைய சோறு, காய்கறித் தோல் என்று நறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். எலுமிச்சைத் தோலும் எண்ணெயும் வேண்டாம். புளித்த வாடை அடித்தால் சில நாள் சோற்றை நிறுத்திவிட்டுச் சாணக்கரைசல் மட்டும் ஊற்றுங்கள். வெளியே வரும் கரைசலைத் தண்ணீர் கலந்து வாழைக்குப் பாய்ச்சலாம். மிச்சத்தைச் சருகு குவித்த குழியில் ஊற்றினால் சருகும் சீக்கிரம் மக்கும்.