இரட்டை டிஸ்க்கில் விண்டோஸ் போடும்போது தவிர்க்க வேண்டியவை

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மாங்குளம் பக்கங்களில் ஸ்டூடியோ, மருந்துக்கடை, அரிசி ஆலைக் கணக்கறை என்று பல இடங்களில் ஒரே கணினிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை இணைத்து வைத்திருக்கிறார்கள். ரெய்ட் 1 என்ற இந்த முறையில் ஒன்றில் எழுதப்படுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். ஒன்று பழுதானால் மற்றது தாங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் டிஸ்க் செத்து அழிந்த கோப்புகளைவிட, விண்டோஸைத் திரும்பப் போடும் அரை நாளில் அவசரக் கை அழித்தவை அதிகம் என்பதே என் எண்ணம்.

ரெய்ட் இருக்கும்போது பிரதி எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தவறுதலாக அழித்த கல்யாணப் படத்தை இரண்டாவது டிஸ்க்கும் அந்தக் கணமே அழித்துவிடும். வேலையைத் தொடங்குமுன் மூன்றாவது டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்.

இனி, எல்லோரும் வழுக்கும் இடத்துக்கு வருவோம். பென் டிரைவைச் செருகி நிறுவலைத் தொடங்குகிறீர்கள். எங்கே போடுவது என்று கேட்கும் திரையில் டிரைவ் 0, டிரைவ் 1 என இரண்டு வரிகள். இரண்டிலும் ஏறத்தாழ 931 ஜிபி. ‘சரி, இரண்டு டிஸ்க் இருக்கிறது’ என்று முதல் வரியைத் தெரிவுசெய்து அடுத்ததை அழுத்திவிடுகிறார்கள். மதர்போர்டு வழியாக இணைத்த ரெய்ட் ஒழுங்காக இருந்தால் அந்தத் திரையில் இரண்டும் சேர்ந்து ஒரே டிஸ்க்காகத்தான் தெரிய வேண்டும். இரண்டு 1 டெராபைட் டிஸ்க்குகளும் தனித்தனியே தெரிந்தால் இணைப்பு குலைந்திருக்கிறது என்று பொருள். அங்கேயே நிறுத்துங்கள்.

ஏன் குலைந்தது? பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவப் பற்றரிதான் காரணம். அது தீர்ந்துபோனால், மின்சாரம் நின்று வரும்போது பயோஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் கணினியின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். டிஸ்க் இணைப்புகளுக்கான சாட்டா என்ற பகுதியில் ‘ரெய்ட்’ என்றிருந்தது, டிஸ்க்குகளைத் தனித்தனியே காட்டும் ‘ஏஹெச்சிஐ’ என்று மாறிவிடும். டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பயோஸில் திகதியைப் பாருங்கள்: பல வருடம் பின்னால் நின்றால் ஐயமே வேண்டாம். 2032 என்ற இலக்கமுள்ள பற்றரி கடைகளில் எளிதாகக் கிடைக்கும். அதை மாற்றி, ரெய்ட் நிலைக்குத் திருப்பினால் ஜோடி தானாகவே சேர்ந்துகொள்வது வழக்கம். மின்வெட்டுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் இந்தப் பற்றரியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட, நாடு முழுவதும் இருண்டதே. அன்று எத்தனை கணினிகளின் பயோஸ் கலைந்ததோ!

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. இணைப்பு குலைந்த நிலையில் கணினியை ஒருமுறை இயக்கி, ஒரு டிஸ்க்கில் மட்டும் ஏதாவது எழுதப்பட்டுவிட்டால், பிறகு ரெய்ட் நிலைக்குத் திருப்பினாலும் இரண்டும் ஒன்றாக இருக்காது. ரெய்ட்டுக்கோ அந்த வேறுபாடு தெரியாது. பாதியை இதிலிருந்தும் பாதியை அதிலிருந்தும் வாசித்துக் கோப்புகளைச் சிதைக்கும். அப்படி நடந்திருந்தால் பழைய ஜோடியை நம்பாதீர்கள். எழுதப்பட்ட டிஸ்க்கிலிருந்து பிரதி எடுத்துக்கொண்டு ஜோடியைப் புதிதாக அமையுங்கள்.

இதற்கு நேர்மாறாக, நிறுவல் திரையில் ஒரு டிஸ்க்கும் தெரியாமலும் போகலாம். உடனே டிஸ்க் போய்விட்டது என்று வவுனியாவுக்குப் பஸ் ஏற வேண்டாம். புதிய இன்டெல் கணினிகளில் டிஸ்க்குகளை விண்டோஸுக்குக் காட்டும் டிரைவர் என்ற சிறு மென்பொருள் விண்டோஸ் நிறுவியில் இல்லாதிருப்பதே வழக்கமான காரணம். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து அதை முன்கூட்டியே இறக்கி, சுருக்கிய கோப்பை விரித்து, அதே பென் டிரைவில் போட்டு வையுங்கள். விரிக்காமல் போட்டால் நிறுவி அதைக் கண்டுகொள்ளாது. பயோஸின் ரெய்ட் பட்டியலில் ‘கிரியேட்’ என்பதை அழுத்திப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அது பழைய ஜோடியைத் தேடித் தராது. புதிதாக ஒன்றை அமைத்து உள்ளிருப்பதை அழித்துவிடும்.

பழுதான டிஸ்க்கை மாற்றும்போது நடப்பது இதைவிடக் கொடுமை: வெற்று டிஸ்க்கை நிறைந்த டிஸ்க்கின் மேல் பிரதி செய்துவிடுகிறார்கள். டிரைவ் 0, டிரைவ் 1 என்ற எண்களை நம்புவதால் வரும் வினை இது. கேபிளை மாற்றிச் செருகினாலும், பென் டிரைவ் ஒன்று குறுக்கே வந்தாலும் அந்த எண்கள் இடம்மாறும். ஒவ்வொரு டிஸ்க்கின் முதுகிலும் தொடரிலக்கம் அச்சிட்டிருக்கும். அதன் கடைசி நான்கு எழுத்துகளைத் தாளில் குறித்து, எது மூலம், எது புதிது என்று எழுதி வைத்து, திரையில் காட்டும் இலக்கத்தோடு ஒப்பிட்ட பிறகே சம்மதம் கொடுங்கள்.

புதிதாகச் சேர்ப்பது உண்மையில் பழைய டிஸ்க்காக இருந்தால், உதாரணமாகக் கண்காணிப்புக் கமரா பெட்டியிலிருந்து கழற்றியதாக இருந்தால், அதில் முன்னைய ரெய்ட் அடையாளம் ஒட்டியிருக்கலாம். சில வகைகளில் அது டிஸ்க்கின் கடைசிப் பகுதியில் இருப்பதால் சாதாரண ஃபோர்மட்டில் அழியாது. லினக்ஸ் பென் டிரைவில் கணினியைத் தொடங்கி ‘வைப்எஃப்எஸ்’ (wipefs) கட்டளையால் துடைக்கலாம். அங்கும் இலக்கத்தைப் பார்த்தே.

ஜோடி திரும்ப ஒத்துப்போக நேரம் எடுக்கும். 1 டெராபைட் சுழலும் டிஸ்க்குக்கு நல்ல வேகத்திலும் இரண்டு மூன்று மணித்தியாலம் தேவை. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரமானால் வன்னியில் இடி தொடங்கிவிடும். மின்சாரம் நின்றால் சிறிய யூபிஎஸ் சில நிமிடங்களுக்குமேல் தாங்காது. காலையிலேயே தொடங்குங்கள்.

லினக்ஸ் போடுகிறவர்களுக்கு ஒன்று: உபுண்டுவின் டெஸ்க்டொப் நிறுவியில் ரெய்ட் அமைக்க வழி தேடி மண்டையை உடைக்காதீர்கள். சேர்வர் பதிப்பிலும் டெபியனிலும் அது உண்டு. நிறுவிய பின் ரெய்ட்டின் நிலையைக் காட்டும் ‘எம்டிஸ்டாட்’ (/proc/mdstat) கோப்பைத் திறந்தால் சதுர அடைப்புக்குள் இரண்டு ‘யூ’ எழுத்துகள் நிற்க வேண்டும். ஒன்றின் இடத்தில் கீழ்க்கோடு இருந்தால் ஒரு டிஸ்க் ஜோடியில் இல்லை.

ஆனால் கோப்புகள் இரண்டிலும் இருப்பதால் கணினி இரண்டிலிருந்தும் தொடங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். லினக்ஸில் தொடக்கப் பகுதி முதல் டிஸ்க்கில் மட்டும் எழுதப்பட்டிருப்பது சாதாரணம். அது செத்தால் தரவு பத்திரமாக இருந்தும் திரை கறுப்பாகவே நிற்கும். அதனால் எல்லாம் முடிந்ததும், வாடிக்கையாளரின் கையில் கொடுப்பதற்கு முன், மின்சாரத்தை நிறுத்தி முதல் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். தொடங்காவிட்டால் இரண்டாவதிலும் தொடக்கப் பகுதியை எழுதுங்கள். தொடங்கினால் நிறுத்திவிட்டுக் கேபிளை மாட்டி, ஜோடி முழுமையாக ஒத்துப்போகும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகு மூடியைப் பூட்டுங்கள்.