நாற்று வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

பெப்ரவரி கடைசி வந்தால் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் சனம் பலருடைய பேஸ்மென்ட்டில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். கத்தரி, மிளகாய், தக்காளி என்று தட்டுத் தட்டாக விதை போடுவார்கள். மார்ச் நடுப்பகுதியில் எனக்குப் படங்கள் வரத் தொடங்கும். "அண்ணை, இதுக்கு என்ன செய்யிறது?" பெரும்பாலும் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தேவையே இருக்காது. நான் முதன்முதலாக விதை போட்ட வருடம் என்னுடைய பேஸ்மென்ட்டில் நின்ற அதே நாற்றுகள்தான் அவை. தலை குனிந்தபடி, வெளிறிப்போய்.

விதையை ஆழமாகப் புதைக்காதீர்கள், தட்டில் பெயர் எழுதி ஒட்டுங்கள் என்பதெல்லாம் விதைப் பைக்கற்றின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல சாமான் வாங்கி, கவனமாகப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்களும் விடும் பிழைகளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று இருந்தது.

ஜன்னல் வெளிச்சத்தை நம்புவது

பெப்ரவரி தொடக்கத்தில் ரொறன்ரோவில் பகல் சுமார் 10 மணித்தியாலம். அதிலும் பல நாள் முகில் மூடிக்கொண்டிருக்கும். ஜன்னலோரம் வைத்த நாற்று வெளிச்சத்தைத் தேடி இழுபடும். நூல் மாதிரி ஒரு தண்டு, உச்சியில் இரண்டு வித்திலை, அதாவது முளைத்ததும் முதலில் விரியும் இலை. "கெதியா வளருது" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஒரு கிழமையில் அது தன் பாரத்தையே தாங்க முடியாமல் சரிந்துவிடும்.

சாதாரண எல்.இ.டி. குழல் விளக்கு போதும். இலைக்கு மேலே 5 முதல் 10 சென்ரிமீற்றருக்குள் தொங்கவிடுங்கள். பலமான வளர்ப்பு விளக்கு என்றால் ஒன்றரை இரண்டு அடி தள்ளி. ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரியட்டும், இரவில் அணையட்டும். டைமர் ஒன்று போட்டுவிட்டால் அந்த யோசனையே வேண்டாம். இழுபட்ட தக்காளியைக் கழுத்துவரை புதைத்து நட்டால் தண்டிலேயே வேர்விட்டுப் பிழைத்துக்கொள்ளும். கத்தரியிடமும் மிளகாயிடமும் அதை அவ்வளவு எதிர்பார்க்க முடியாது.

பெரிய சட்டியும் தினமும் ஒரு குவளைத் தண்ணீரும்

இதைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

என் மனைவியின் பெரியம்மா ஒரு சின்னக் கடதாசி மடிப்பில் யாழ்ப்பாணத்துத் தின்னவேலிக் கத்தரி விதை தந்தார். ஊதா நிறக் காய், பால்கறிக்கு அதைப்போல வேறொன்று இல்லை. இங்கே வந்த பிறகும் ஒவ்வொரு வருடமும் ஒரு காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்து வைத்திருந்த மனுசி. 24 விதை. அவ்வளவையும் போட்டேன், 21 முளைத்தது. பிறகு மாற்றி நடுகிற வேலை மிச்சம் என்று நினைத்து, முளைத்த கையோடு ஒவ்வொன்றையும் நாலு லீற்றர் சட்டிக்குக் கொண்டுபோய்விட்டேன். தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன்னர் ஆளுக்கொரு குவளை தண்ணீர்.

மூன்றாம் கிழமை இலைகள் தொங்கின. தண்ணீர் காணாது போல என்று பின்னேரமும் ஊற்றினேன். அடுத்த நாள் இன்னும் தொங்கின. இன்னும் ஊற்றினேன். கடைசியில் ஒரு நாற்றை மெல்லப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். எந்தப் பிடிமானமும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் தேயிலைச் சாயம் போல மண்ணிறமாக இருந்தது. விரலால் இழுத்தால் மேல்தோல் உறை மாதிரிக் கழன்று, நடுவில் மயிரிழை போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. சட்டியை முகர்ந்தால் மழைக்காலக் கிணற்றடிச் சேற்று மணம். மற்ற நாற்றுகளில் சிலவற்றுக்கு மண்ணோடு தொடும் இடத்தில் தண்டு, குறட்டால் நசுக்கியது போல ஒடுங்கியிருந்தது. பத்து நாளில் 21-உம் முடிந்துபோயின.

அப்போது ஏப்ரல் முதல் கிழமை. கத்தரி நாற்று வெளியே போகிற பருவத்துக்கு வர எட்டுக் கிழமையாவது வேண்டும். நட்ட பிறகு காய்க்க இரண்டு மாதத்துக்கு மேல். ஒக்டோபரில் உறைபனி வந்துவிடும். திரும்பப் போட நேரம் இறுக்கம்தான், விதையோ ஒன்றும் இல்லை. பெரியம்மா கையிலிருந்ததை முழுக்க எனக்குத் தந்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் தோட்டத்தில் அந்த வருடம் அந்தக் கத்தரி இல்லை. நம்பித் தந்தவரின் கையிலிருந்தும் அது போய்விட்டது.

நடந்தது என்ன? வேருக்குத் தண்ணீர் வேண்டிய அளவுக்குக் காற்றும் வேண்டும். மண்துகள்களுக்கு இடையில் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில்தான் அந்தக் காற்று நிற்கும். இரண்டு அங்குல வேர் உள்ள நாற்று ஒரு நாளில் குடிப்பது சில தேக்கரண்டிதான். நாலு லீற்றர் மண்ணை அது எப்போது குடித்து முடிப்பது? அதிலும் பேஸ்மென்ட்டில் 17, 18 டிகிரிதான், காற்றோட்டமும் இல்லை. மண் இரண்டு கிழமையானாலும் காயாது. இடைவெளியெல்லாம் தண்ணீர் நிரம்பினால் வேருக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டிய வேரால் தண்ணீரை மேலே அனுப்ப முடியாது. அதனால் தண்ணீருக்குள் நின்றுகொண்டே நாற்று தாகத்தில் வாடும். இந்த ஈரத்தில் பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நோய்க்கிருமிகளும் சேர்ந்துகொள்ளும். தண்டு ஒடுங்கியது அதனால்தான். நாற்றழுகல் என்பது அதுதான்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில். கொல்கிற காரியம் பார்வைக்கு மருந்து மாதிரித் தெரிகிறது. அக்கறை இல்லாதவன் மறந்து விட்டுவிடுவான், அவனுடைய நாற்று தப்பிவிடும். அக்கறை உள்ளவர்களுடையதுதான் சாகிறது.

தாகத்தில் வாடியதையும் மூச்சு முட்டி வாடியதையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். தாகம் என்றால் இலை மெலிந்து, துணி போலத் துவண்டிருக்கும். மண் வெளிறி, சட்டியின் சுவரை விட்டு விலகியிருக்கும். தண்ணீர் கண்டால் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் நிமிர்ந்துவிடும். தண்ணீர் கூடினால் இலை தடிப்பாகத்தான் இருக்கும், ஆனால் காம்போடு சேர்ந்து கீழ்நோக்கி வளையும். நிறம் மஞ்சளாக வெளிறும். மண் கறுத்து, மேலே பச்சைப் பாசி படியும். சட்டியைத் தட்டினால் சின்னக் கறுப்புப் பூச்சிகள் எழும்பும். அவற்றின் புழுக்கள் மேல்மண்ணின் ஈரத்தில்தான் வாழ்கின்றன, மேல்மண்ணைக் காயவிடாமல் அவை ஒழியாது.

இதையெல்லாம் விட நம்பிக்கையானது கை. சட்டியைத் தூக்கிப் பாருங்கள். மண் காய்ந்த சட்டி ஒன்று, நனைத்த சட்டி ஒன்று, இரண்டையும் ஒருமுறை இரண்டு கையில் வைத்துப் பார்த்தால் போதும், பாரம் கைக்குப் பிடிபட்டுவிடும்.

போன மார்ச்சில் தெரிந்த பொடியன் ஒருவன் கூப்பிட்டான். நல்ல விளக்கு, நல்ல மண், எல்லாம் வாங்கி வைத்திருந்தான். ஆறு அங்குலச் சட்டிகளில் 18 மிளகாய் நாற்று. எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன.

"மேல காய்ஞ்சு கிடக்கு அண்ணை, தினமும் தண்ணி தெளிக்கிறன்."

"தம்பி, மேல பாராதையும். தூக்கிப் பாரும்."

தூக்கினான். அடித்தட்டில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. அதை ஊற்றிவிட்டு, சின்ன விசிறி ஒன்றை மெதுவாக ஓடவிட்டு, ஆறு நாள் தொடாமல் இருக்கச் சொன்னேன்.

"ஆறு நாளோ? செத்துப் போயிடும் அண்ணை."

ஐந்தாம் நாள் படம் வந்தது. இலைகள் நிமிர்ந்திருந்தன. 18-இல் 13 தப்பியது. மற்ற ஐந்துக்கும் தண்டு ஒடுங்கிவிட்டது. ஒடுங்கினால் பிறகு மீட்சி இல்லை, அந்த மண்ணோடு சேர்த்து எடுத்து எறிந்துவிட வேண்டும். கறுவாத்தூள் தூவச் சொல்வார்கள். நானும் தூவியிருக்கிறேன். ஒடுங்கிய தண்டு எழும்பி நின்றதை நான் பார்த்ததில்லை.

சரி, எப்படிச் செய்வது? 72 குழித் தட்டில் தொடங்குங்கள். வித்திலைக்குப் பிறகு இரண்டு மூன்று உண்மையான இலை வந்து, வேர் மண்ணைக் கட்டிப் பிடித்திருக்கும்போது மூன்று அங்குலக் கோப்பைக்கு மாற்றுங்கள், அடியில் துளை கட்டாயம். அது நிறைந்த பிறகுதான் பெரிய சட்டி. தோட்டத்து மண் வேண்டாம். எங்கள் பக்கத்துக் களிமண் குழிக்குள் செங்கல் மாதிரி இறுகிவிடும். கரிநார் (peat moss), பேர்லைற் என்ற வெள்ளைக் கற்துகள் கலந்த விதைமண் வாங்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் முதலே பிசைந்துகொள்ளுங்கள். காய்ந்த கரிநார் தண்ணீரை உள்ளே விடாது. கையில் பிழிந்தால் இரண்டு மூன்று துளி விழும் பதம் போதும்.

தண்ணீரைக் கீழிருந்து கொடுங்கள். அடித்தட்டில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் ஊற்றி, 20 அல்லது 30 நிமிடத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கொட்டுவதைத்தான் பலர் மறக்கிறார்கள். பெப்ரவரியில் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வரும், முதல் நாளே பிடித்து அறைக்குள் வையுங்கள். செவ்வாய், வெள்ளி என்று நாள் குறித்து ஊற்ற வேண்டாம். தட்டு இலேசானால் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

பிளாஸ்ரிக் மூடி

விதைத் தட்டின் மேல் போடும் மூடியை முளை தெரிந்ததும் கழற்றுங்கள்.

வெப்ப விரிப்பு

கத்தரி, மிளகாய் விதைக்கு 27 முதல் 30 டிகிரி சூடு பிடிக்கும், குளிர்ந்த பேஸ்மென்ட்டில் தட்டுக்குக் கீழே போடும் மின்சூட்டு விரிப்பு இல்லாமல் மிளகாய் முளைக்க மூன்று நாலு கிழமைகூட எடுக்கலாம். அதனால் விரிப்பு நல்லதுதான். பெரும்பாலானவை முளைத்த பிறகும் அதிலேயே வைத்திருப்பதுதான் பிழை. கீழே சூடு, மேலே வெளிச்சம் காணாது என்றால் நாற்று இழுபடும்.

உரம்

உண்மையான இலை விரியும்வரை வேண்டாம். அப்புறமும் போத்தலில் சொன்ன அளவில் கால்வாசி.

வெண்டிக்கும் பாவலுக்கும் அவசரப்படுவது

கத்தரியோடு சேர்த்து வெண்டியையும் மார்ச் தொடக்கத்தில் போட்டுவிடுவார்கள். வெண்டியின் ஆணிவேர் கெதியாக இறங்கும், அதைத் தொட்டால் அதற்குப் பிடிக்காது. பாவல், புடோல் இரண்டும் ஒரு மாதத்தில் கொடி ஓட்டி விளக்கைச் சுற்றிவிடும். இவற்றை ஏப்ரல் கடைசியில், மாற்றி நடும்போது வேர் கலையாதபடி தனித்தனிக் கோப்பையில் போட்டால் போதும். பாவல் விதையை ஓர் இரவு ஊறவிட்டு, ஓட்டின் நுனியை நகவெட்டியால் லேசாகக் கிள்ளிவிட்டால் சீக்கிரம் முளைக்கும்.

மே மாதத்து முதல் வெயில்

மே மாதம் 25-ஆம் திகதிக்கு முன்வரும் திங்கட்கிழமை விக்டோரியா டே. அந்த வார இறுதியில் நடுவது இங்கே வழக்கம். தக்காளிக்கு அது பெரும்பாலும் சரிவரும். கத்தரியும் மிளகாயும் இரவு 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சியை நிறுத்திவிடும், அதனால் திகதியை விட இரவுக் குளிரைப் பாருங்கள். ஒரு கிழமை பிந்தி நட்டாலும் கத்தரி முந்தி நட்டதை எட்டிப் பிடித்துவிடும்.

விளக்கின் கீழ் வளர்ந்த இலைக்கு வெயில் தெரியாது, காற்றும் தெரியாது. நேராக வெயிலில் வைத்தால் ஒரே நாளில் இலை கடதாசி போல வெள்ளை வெள்ளையாகப் பொசுங்கும். முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, காலை வெயில், அப்புறம் மத்தியான வெயில் என்று ஏழு முதல் பத்து நாள். காற்று பலமான நாளில் வெளியே கொண்டுபோக வேண்டாம்.

அந்தப் பொடியன் மே இரண்டாம் கிழமையில் ஒரு நல்ல வெயில் நாள் பார்த்து 13 நாற்றையும் பின்வளவில் கொண்டுபோய் வைத்துப் படம் அனுப்பினான். நிழலில்தான் வைத்திருந்தான். பின்னேரம் நான் கூப்பிட்டு, இருட்டுக்கு முன்னர் உள்ளே எடுத்துவிடச் சொன்னேன். "இப்பதானே அண்ணை சூடா இருக்கு" என்றபடியே எடுத்துவைத்தான். அன்று இரவு 4 டிகிரிக்கு இறங்கியது.