சாங்கி – கென்னடி: பறக்கும் தூரமும் நேரமும் நாமே கணக்கிடுவது எப்படி?

போன நவம்பரில் அம்மாவைச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானத்தில் ஏற்றிவிட்டேன். டிக்கெட்டைப் பார்க்காமல், முந்தைய ஜூனில் போட்ட மனக்கணக்கை வைத்துத் தம்பிக்கு நேரம் சொன்னேன். ஒரு மணி நேரம் பிசகிவிட்டது. அம்மா கென்னடி விமான நிலையத்தில் தனியாகக் காத்திருந்தார். அந்தப் பிசகு எங்கே நடந்தது என்று படி 3-இல் சொல்கிறேன்.

படி 1: தூரம். சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வட துருவத்துக்குப் பக்கத்தில் போகும். அதுதான் குறுக்குவழி. கணக்கு இது (அட்ச1, அட்ச2 என்பவை இரண்டு ஊர்களின் அட்சரேகைகள்; தீர்க்க வித்தியாசம் என்பது தீர்க்கரேகைகளின் வித்தியாசம்; கோணம் என்பது பூமியின் மையத்திலிருந்து இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள கோணம்):

கொசைன்(கோணம்) = சைன்(அட்ச1) × சைன்(அட்ச2) + கொசைன்(அட்ச1) × கொசைன்(அட்ச2) × கொசைன்(தீர்க்க வித்தியாசம்)

அட்சரேகை, தீர்க்கரேகை என்ற வரிசையில், டிகிரியில், சாங்கி: 1.36, 103.99. கென்னடி: 40.64, -73.78. கோணம் 137.95 டிகிரி வரும். ஒரு டிகிரிக்கு 111.2 கிமீ என்று பெருக்கினால் சுமார் 15,340 கிமீ. சரிபார்க்க எனக்குப் பிடித்தது கிரேட் சர்க்கிள் மேப்பர் தளம். ஆனால் மைலா, கடல் மைலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்: ஒன்று 1.609 கிமீ, மற்றது 1.852 கிமீ.

படி 2: பறக்கும் நேரம். மணிக்கு 900 கிமீ என்றால் 17 மணி நேரம். அட்டவணையில் பதினெட்டரைக்கு மேல் இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேரும். விமானம் நம் நூல் போன வழியிலும் போகாது; மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று முதுகில் தள்ளும்படி, பெரும்பாலும் பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போகும்.

படி 3: இறங்கும் நேரம். இங்கேதான் நான் சறுக்கினேன். சிங்கப்பூர் கடிகாரம் வருடம் முழுக்க மாறாது. நியூயார்க்கில் மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுத்துவிடுகிறார்கள். அதனால் கோடையில் வித்தியாசம் 12 மணி, குளிர்காலத்தில் 13. நான் நவம்பரிலும் 12-ஐயே கழித்தேன்.

உதாரணத்துக்கு, நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால் சிங்கப்பூரில் மாலை 6.40. நியூயார்க்கில் கோடையென்றால் அதே நாள் காலை 6.40, குளிர்காலமென்றால் 5.40. கிளம்பும் நாளின் வித்தியாசத்தை விட்டுவிட்டு, இறங்கும் நாளின் வித்தியாசத்தையே எடுங்கள். திரும்பி வரும்போது கூட்ட வேண்டும். கிளம்பும் நேரத்தைப் பொறுத்துத் தேதி ஒன்றோ இரண்டோ கூடிவிடும்.

பின்சேர்க்கை: ஒரு வாசகருக்குத் தூரம் 5,320 கிமீ என்று வந்ததாம். கென்னடியின் தீர்க்கரேகைக்கு முன்னால் கழித்தல் குறியை விட்டிருக்கிறார். மேற்கு என்றால் கழித்தல் குறி கட்டாயம். இல்லாவிட்டால் நியூயார்க் மத்திய ஆசியாவுக்கு வந்துவிடும். விரிதாளில் போடுபவர்கள் டிகிரியை ரேடியனாக (விரிதாள் எதிர்பார்க்கும் கோண அலகு) மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.