திடீரென மனம் பிறழ்ந்தால் டாக்டரிடம் என்ன சொல்வது?

என் தங்கைக்கு 22 வயதில் ஒரே வாரத்தில் பேச்சு மாறிவிட்டது. காவேரிப்பட்டணத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் காத்துக் கருப்பு என்றார்கள். தாயத்து கட்டினோம். பத்து நாள் வீணாய்ப் போனது. இது மூளையைத் தாக்கும் நோயாக இருக்கலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பத்து நாளை வேறு யாரும் இழக்கக் கூடாது.

முதலில் ஒரு நோட்டு எடுத்துத் தேதி போட்டு எழுதுங்கள். இது தொடங்கும் முன் காய்ச்சல், தலைவலி இருந்ததா? வலிப்பு வந்ததா? தூக்கம் போனதா? என் தங்கை எதையோ மெல்லுவது போல வாயை அசைத்துக்கொண்டே இருந்தாள். அதை போனில் வீடியோ எடுத்திருந்தேன். பெங்களூரில் நரம்பியல் டாக்டர் அதை மூன்று தடவை பார்த்தார். அப்புறம்தான் முதுகுத்தண்டு நீர் எடுக்கச் சொன்னார்.

அந்த நீரில் தேடுவது, மூளையின் என்எம்டிஏ ஏற்பிகளை, அதாவது நரம்பு செல்கள் செய்தி வாங்கும் இடங்களைத் தாக்கும் எதிர்ப்பொருளை. நம் நோய் எதிர்ப்புச் சக்தியே மூளைக்கு எதிராகத் திரும்பும் இந்த நோயை (என்எம்டிஏ மூளையழற்சி) நரம்பியல் டாக்டர் ஜோசப் டால்மாவ் குழுவினர் 2007-ல் விளக்கினார்கள். ரத்தப் பரிசோதனையில் மட்டும் பார்த்தால் தவறிப்போகலாம். ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் நோய் இருக்கலாம். பெண்ணாக இருந்தால் சினைப்பையில் கட்டி உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்குவது ரொம்ப முக்கியம்.

சரி, மனநல மருந்து? நீங்களாக நிறுத்தாதீர்கள். அதைக் கொடுத்த பின் உடம்பு விறைத்தாலோ காய்ச்சல் ஏறினாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது தைராய்டு, லூபஸ் (எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்கும் இன்னொரு நோய்) இருந்தால் அதையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.