கையொப்பத்தைக் கடைசியில் பாருங்கள்

தைலவண்ண ஓவியம் ஒன்றை மதிப்பிட முற்படுபவர் தரம், வயது, அசல்தன்மை ஆகிய மூன்றையும் தனித்தனிக் கேள்விகளாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பழைய ஓவியம் மட்டமானதாகவும், போலி ஓவியம் தேர்ந்த கைத்திறனுடனும் இருக்கக்கூடும்.

முதலில் ஓவியத்தைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். பழைய கித்தான் காற்றும் தூசும் பட்டுப் பழுப்பேறியிருக்கும். சட்டக்கட்டைகள் மறைத்திருந்த இடங்கள் சற்று வெளிறியிருக்கும். சாயம் பூசி வயதேற்றிய துணியில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காணப்படாது. ஸ்டேபிள் ஊசிகள் 20ஆம் நூற்றாண்டின் பழக்கம் என்றாலும், பழைய ஓவியத்தைப் பின்னாளில் புதிய சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கலாம் என்பதால், அவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

அடுத்து, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு முன்புறத்திற்கு வாருங்கள். சீரான வரிசையில் நுண்புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப்படம்; மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. வண்ணத்தில் வெடிப்புகள் இருந்தால், அவை கையொப்பத்தைக் கடக்கும் இடத்தில் நிதானமாக நில்லுங்கள். ஓவியத்தோடு சேர்ந்து முதுமையடைந்த எழுத்து, வெடிப்பு வரும் இடத்தில் தானும் பிளந்திருக்கும். எழுத்தின் வண்ணம் வெடிப்புக்குள் வழிந்து இறங்கியிருந்தால், வெடித்த பிறகே யாரோ கையொப்பமிட்டிருக்கிறார்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்தால், பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பசுமை கலந்து ஒளிரும். அதன்மீது பின்னர் தீட்டியவை கருந்திட்டுகளாகத் தனித்து நிற்கும்.

நிறமிகள் இன்னும் கண்டிப்பான சாட்சிகள். டைட்டானியம் வெள்ளை ஓவியர்களின் புழக்கத்திற்கு வந்தது 1920 வாக்கில்தான். ஜெர்மன் ஓவியர் ஹைன்ரிக் கம்பென்டொங்க் 1914இல் தீட்டியதாகச் சொல்லி 2006இல் 28 லட்சம் யூரோவுக்கும் மேல் விற்கப்பட்ட படத்தில் இந்த வெள்ளை இருந்ததே, அதை உண்மையில் தீட்டிய போலி ஓவியர் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கியின் மோசடி வெளிப்பட வழிசெய்தது. 2011இல் அவர் தண்டிக்கப்பட்டார். அவர் வாங்கிய துத்தநாக வெள்ளைக் குழாயில் டைட்டானியமும் கலந்திருந்ததை அதன் மேலுறை சொல்லவில்லையாம்! ஆனால் இந்தச் சோதனை ஒருவழிப்பாதை: பொருந்தாத நிறமி பொய்யை உடைக்கும், பொருந்தும் நிறமி எதையும் நிரூபிக்காது. மாதிரியும் பின்னாளில் செப்பனிட்ட பகுதியிலிருந்து அல்லாமல் மூல வண்ணத்திலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

தரத்தை அளக்க முடியாது, பழகித்தான் அறிய வேண்டும். நகலெடுப்பவரின் கோடு பெரும்பாலும் தயங்கித் தயங்கிச் செல்லும். மூல ஓவியரோ வரையும்போதே மனம் மாறுவார். படத்திலுள்ள உருவத்தின் கையை இடம் மாற்றி வரைந்த தடயம், மேல் வண்ணத்துக்கு அடியில் இருப்பதைக் காட்டும் அகச்சிவப்புப் படத்தில் தெரிந்தால், அதை நான் எந்தச் சான்றிதழை விடவும் மேலாக மதிப்பேன்.

ஓவியம் யார் யாரிடம் இருந்தது என்ற உடைமை வரலாற்றுக்கான காகிதங்களையும் ஓவியத்தைப் போலவே சந்தேகியுங்கள். போலி ஓவியங்களை விற்று 1999இல் தண்டனை பெற்ற ஜான் ட்ரூ, லண்டன் டேட் கலைக்கூடத்தின் ஆவணங்களுக்குள்ளேயே போலிகளைச் செருகியவர். ஆகவே விற்பவர் நீட்டும் நகலோடு நின்றுவிடாமல், அதே விற்பனையைப் பற்றி அவர் கை படாத வேறோர் இடத்தில் அக்காலப் பதிவு உள்ளதா என்று தேடுங்கள்.