நைவாஷா ஏரிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கென்யாவில் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் பலர் நைவாஷா ஏரியையும் ஒரு ராத்திரிக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். நைரோபியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். இன்னும் வடக்கே போனால் எல்மென்டைட்டா ஏரி, அதைச் சுற்றி ஏறக்குறைய 48,000 ஏக்கரில் சொய்சாம்பு என்ற தனியார் வனவிலங்குக் காப்பகம். சிங்கமெல்லாம் மாராவில் பார்த்தாயிற்று, இங்கே சும்மா ஓய்வுதான் என்ற நினைப்பில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, நீர்யானையைச் சாதுவாக நினைப்பது. பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும் அது, இருட்டியதும் புல் மேயக் கரையேறும். ஏரிக்கரை விடுதிகளின் பச்சைப் புல்வெளி அதற்கு மேய்ச்சல் நிலம். அதனால்தான் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அறைவரை காவலாளி கூடவே வருகிறார். இங்கிருந்து நாலு எட்டுதானே என்று தனியாகக் கிளம்பாதீர்கள். விடிகாலையில் ஏரியோரம் நடப்பதும் அதே அளவு ஆபத்து. தண்ணீருக்குத் திரும்பும் நீர்யானையின் வழியில் ஆள் நின்றால் அது ஒதுங்கிப் போகாது. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்.

நைவாஷா ஏரியில் இருக்கும் கிரசென்ட் தீவில் வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கிகளுக்கு நடுவே நடந்தே போகலாம். வேட்டையாடும் பெரிய விலங்குகள் இல்லாததால்தான் இந்த அனுமதி. தொட்டுப் பார்ப்பதற்காக அல்ல. செல்ஃபிக்காகக் குட்டியை நெருங்கினால் தாய் உதைக்கும்.

படகில் போகும்போது சில படகோட்டிகள் விசிலடித்து மீனை வீசுவார்கள். மீன்பிடிக் கழுகு பாய்ந்து வந்து கவ்விக்கொண்டு போகும். படம் என்னவோ அருமையாகத்தான் வரும். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது என்பேன். கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்தால் கழுகு தானாகவே வேட்டையாடுவதைப் பார்க்கலாம்.

அப்புறம் பூநாரை. நைவாஷாவில் இறங்கியதும் எங்கே அந்த இளஞ்சிவப்புக் கூட்டம் என்று தேடுகிறவர்கள் உண்டு. நைவாஷா நன்னீர் ஏரி. சிறு பூநாரைகளின் முக்கிய உணவான நீலப்பச்சைப் பாசி செழிப்பது எல்மென்டைட்டா, நகுரு, போகோரியா போன்ற சோடா ஏரிகளில், அதாவது காரத்தன்மையுள்ள உவர் நீர் ஏரிகளில். இந்த மூன்றும் சேர்ந்து 2011-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாயின. அங்கேயும் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நீர்மட்டம் ஏறி, நகுருவின் உவர்ப்பு நீர்த்துப்போனதால் பெரும் கூட்டங்கள் வேறு ஏரிகளுக்கு நகர்ந்தன. பழைய புகைப்படத்தை நம்பி அறை பதிவு செய்யாமல், இந்த வாரம் பறவைகள் எங்கே என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். எல்மென்டைட்டாவில் பூநாரை இல்லாவிட்டாலும் கூழைக்கடாக்கள் உங்களை ஏமாற்றாமல் இருக்க வாய்ப்பு உண்டு.

கட்டணத்திலும் குழப்பம் வரும். பக்கத்தில் இருக்கும் ஹெல்ஸ் கேட் அரசின் தேசியப் பூங்கா. சொய்சாம்புவும் கிரசென்ட் தீவும் தனியார் இடங்கள். ஒன்றுக்கு வாங்கிய சீட்டு மற்றொன்றில் செல்லாது. பயண ஏற்பாட்டாளர் சொன்ன தொகையில் எதெல்லாம் அடக்கம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று ஸ்வெட்டர் இல்லாமல் போகிறோம். நைவாஷா ஏரி கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காலையில் நன்றாகக் குளிரும். முறுக்கு, சீடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். 2017 முதல் கென்யாவில் அந்தப் பைகளுக்குத் தடை. 2020 முதல் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை.

எல்லாவற்றையும்விடச் செலவு வைக்கும் தவறு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போடுவது. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். விமான டிக்கெட் எடுத்த கையோடு அங்கே விசாரித்துவிடுங்கள்.