வீட்டில் ரேடான் இருக்கிறதா? நீங்களே சோதிக்கலாம்

பினாங்குத் தீவின் நடுவே நிற்கும் மலைகள் கருங்கல் மலைகள். கொடிமலையும் அப்படித்தான். கருங்கல்லில் மிகச் சிறிய அளவில் யுரேனியம் உண்டு. அது படிப்படியாகச் சிதையும்போது ரேடான் என்ற வாயு பிறக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் ஏறி, காற்றோட்டம் இல்லாத அறையில் சேர்ந்துவிடும். பல நாடுகளில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த காரணம் இதுதான். வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் அவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

எங்களுடையது ஆயர் ஈத்தாமில் ஒரு தரை வீடு. முட்டிவலியால் அம்மா கீழ் அறையில்தான் படுக்கிறார். இரவு முழுக்க ஏர்கோன் ஓடும், சன்னல் சாத்தியிருக்கும். சுவரில் மாட்டும் ஏர்கோன் வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. அந்த அறையை நினைத்துத்தான் சோதனையில் இறங்கினேன்.

முதலில் கருவி. ரேடானைக் கரித்தூளில் பிடித்து அளக்கும் டப்பா ஒன்று உண்டு, அதில் சோதனை சில நாட்களில் முடிந்துவிடும். ஆனால் அது ஈரத்தையும் இழுக்கும், நம் ஊர்க் காற்றுக்கு அதை நான் சொல்லமாட்டேன். ஆல்ஃபா தடப் பெட்டியை வாங்குங்கள். உள்ளே நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். ரேடான் வெளிவிடும் ஆல்ஃபா துகள்கள் அதில் கண்ணுக்குத் தெரியாத வடுக்களைப் பதிக்கும். ஆய்வகத்தில் அதை ரசாயனத்தில் ஊறவைத்து, நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். வாங்கும்போதே ஆய்வகக் கட்டணமும் சேர்த்தியா, மலேசியாவிலிருந்து அனுப்பினால் ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து இடம். ஆட்கள் புழங்கும் மிகக் கீழ்த்தளம், அதிலும் படுக்கையறை. தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேல், மூச்சுவிடும் உயரத்தில் வையுங்கள். சமையலறை, குளியலறை வேண்டாம். சன்னலோரம், காற்றாடிக்கு நேரெதிர், சாமி விளக்கின் சூடு படும் இடம், இதெல்லாமும் வேண்டாம்.

சரி, இடம் முடிவானதும் உறையைப் பிரியுங்கள். அதற்கு முன் பிரித்தால் கணக்கு அப்போதே தொடங்கிவிடும். தேதியையும் நேரத்தையும் பெட்டியிலேயே எழுதுங்கள். எங்கள் அம்மா தூசு தட்டும்போது பெட்டியை அலமாரிக்குள் எடுத்து வைத்துவிட்டார். அன்றே பார்த்ததால் தப்பியது. அப்புறம்தான் "தொட வேண்டாம்" என்று எழுதி ஒட்டினேன்.

குறைந்தது 90 நாள் அப்படியே விடுங்கள். வழக்கம்போல் வாழுங்கள், சோதனைக்காகச் சன்னலைத் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். ரேடான் அளவு மழைக்கும் வெயிலுக்கும், இரவுக்கும் பகலுக்கும் மாறும். நீண்ட நாள் சராசரியைத்தான் நம்பலாம். முடிந்ததும் மூடி, தேதி குறித்து, தாமதிக்காமல் அனுப்புங்கள்.

முடிவு பெக்கரல் கணக்கில் வரும், அதாவது ஒரு நொடியில் எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்ற கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு கன மீட்டருக்கு 100. அது முடியாத நாடுகளிலும் 300-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. கூடுதலாக வந்தால் பதற வேண்டாம். சன்னலைத் திறந்து காற்றோட விடுங்கள், தரையும் சுவரும் சேரும் இடுக்குகளையும் குழாய் நுழையும் ஓட்டைகளையும் அடையுங்கள், பிறகு மறுபடி ஒரு பெட்டி வையுங்கள். அப்போதும் குறையவில்லையென்றால், தரைக்கு அடியில் குழாய் இறக்கி, மின்விசிறியால் வாயுவை வெளியே இழுக்கும் முறை இருக்கிறது. அதை விவரம் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.